இருபது சென்டிமீட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

மாரென் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

பனிச்சறுக்கு மலையில், சறுக்க வருபவர்களுக்காகக் காலைப் பனி அறிக்கை எழுதுவது என் வேலைதானே. சனிக்கிழமை, முன்னறிவிப்பை நம்பி, மேலே போய்ப் பார்க்காமலே "புதுப்பனி இருபது சென்டிமீட்டர்" என்று எழுதிவிட்டேன். பெய்ததையெல்லாம் காற்று வாரிக்கொண்டு போயிருந்தது. சரிவு முழுக்க வெறும் ஐஸ். தினமும் சறுக்க வந்து என்னைக் கேலி செய்யும் பெரியவர் எர்வின், அறிக்கையை நம்பிப் போய் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இனி அவர் சறுக்க முடியாதாம்.

மருத்துவமனையில், "தப்பு என்னோடதுதான்" என்றேன்.

"தெரியும்மா. நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு வேற எதையும் நான் பாக்கல" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை, அப்பா.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் கூடுதலாகப் பேசுங்கள், வானிலையைத் தவிர எதைப் பற்றியும். மேலே போய்ப் பனியை அளக்க வேண்டும், வண்டி கிளம்புகிறது.

மாரென்