சத்திரப்பட்டி பங்களாவில் தொங்கும் படம்

9-11-1959, பழனி

தீபாவளிப் பலகாரம் தீர்ந்துபோன வீட்டுக்கு இன்று வேறு சரக்கு வந்தது.

கொடைக்கானல் மலை வில்பட்டி நல்லசாமி மழையோடு மழையாகக் கடைக்குள் வந்தார். அக்காள் மகள் தமயந்தியை அவர் மகன் செல்லப்பாண்டிக்குப் பேசியிருக்கிறது. தை மாதம் கல்யாணம். விபூதிப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "என்னண்ணே, மலை மேல இருந்த மேகத்தையும் கூட்டியாந்துட்டீங்க?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"சத்திரப்பட்டிப் பக்கம் படமா மாட்டி வச்சிருக்கிற பங்களா இருக்காம். பொண்ணு பாக்க வந்தப்போ எங்க கூட வந்தானே குழந்தைவேலு, அவன் போயிருக்கான். உங்க பொண்ணு படம் அங்க தொங்குதாம். புருவத்துத் தழும்பு கூட அப்படியே இருக்காம். கீழே 'இளம் விதவை, பழனி'ன்னு எழுதியிருக்காம்."

ஊரே அஞ்சும் என் வாய் ஒட்டிக்கொண்டது.

"பொய்யிண்ணே."

"பொய்யின்னா நல்லதுதான். வியாழக்கிழமை வெள்ளனே வாறேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ப் பாத்துருவோம்."

10-11-1959

அக்காள் சண்முகவள்ளிக்குப் படம் ஞாபகம் இருக்கிறது. தமயந்திக்குப் பதினாலு வயதில் மொட்டை போட்ட அன்று, அடிவாரத்தில் ஒரு மெட்ராஸ்காரர் அவளை உட்காரவைத்து வரைந்தாராம். மொட்டைத் தலையைப் பார்த்து அவராக விதவை என்று முடிவு கட்டியிருக்கிறார். பழனிக்கு வந்து மொட்டையைப் பார்த்து இப்படி நினைத்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்!

சிரிப்பாக இருந்தது. அக்காள் கேட்ட பிறகு இல்லை.

"விதவை இல்லேன்னு சொல்லிரலாம்டா. பெறகு மொட்டை எதுக்குன்னு கேப்பாரே?"

வலிப்புக்குத்தான். அந்த வருஷம் அடிக்கடி வந்தது. கிணற்றடியில் விழுந்துதான் புருவம் கிழிந்தது. முருகனுக்கு முடியும் கொடுத்தோம், டாக்டரிடம் மாத்திரையும் வாங்கினோம். யாரால் நின்றதோ, நின்றது. மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை.

"சொன்னா எவன்டா கட்டுவான்? நீ வாயைத் தெறக்காதே."

என் வீட்டுக்காரி கண்மணி தன் தாலி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டாள் — ரயிலில் பேசக் கூடாது, வேடிக்கை கூடவே கூடாது. தாலி அவளுடையது. அடமானம் வைத்தது என் உயிரை.

12-11-1959

போய் வந்தாயிற்று. எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கிறது.

காலை ரயில். ஜன்னலை மூடினாலும் மழை உள்ளேதான் பெய்தது. நல்லசாமி முழங்கால்களுக்கு நடுவில் குடையை நட்டு, அதன் பிடியையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். எதிரே கொய்யாக் கூடையோடு ஆயக்குடிக் கிழவி.

"ரெண்டு பேரும் எழவுக்கா போறீக?"

"இன்னும் தெரியல ஆத்தா" என்றேன். சத்தியம் அங்கேயே போயிற்று. கண்மணி மன்னிக்கட்டும்.

பங்களாவில் கூரை ஒழுகியது. காவல்காரர் பழனிமுத்து தரையெல்லாம் சட்டி வைத்திருந்தார். சாரல் படாமலிருக்க, படங்கள் எல்லாம் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டியிருந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பினார். பசுமாடு. கொடைக்கானல் ஏரி. நாய்க்குட்டியோடு ஒரு துரைசானி.

பிறகு எங்கள் பிள்ளை. மொட்டைத் தலை நிறையச் சந்தனம், நெற்றியில் காலணா அகலப் பொட்டு, கை கொள்ளாத வளையல். கீழே அந்த மூன்று வார்த்தை.

நல்லசாமி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "அட! இது சாமிக்குப் போட்ட மொட்டையில்ல? எங்க சனத்துல தாலியறுத்தவளுக்கு எவன்யா மொட்டை போட்டான்? சந்தனம் பூசி, பொட்டு வச்சு, வளவி போட்டு ஒரு விதவையா? கிறுக்குப் பய!" என் முதுகில் ஓங்கித் தட்டினார். நானும் சிரித்தேன். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள்—

"ஆமா தம்பி, சமைஞ்ச பொண்ணு முடிய லேசுல எடுப்பாகளா? என்ன நேர்ந்துகிட்டீக?"

'மாமன் வாய் அடங்கணும்னுதான்' என்று நாக்கு நுனியில் வந்து நின்றது. அம்மை, டைபாய்டு என்று உருப்படியான பொய்களும் வரிசையில் நின்றன. "ரயிலுக்கு நேரமாச்சுண்ணே" என்றேன்.

திரும்பும்போது அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். துண்டைப் பிழிந்து, "மொதல்ல தலையைத் துவட்டுங்க, சளி புடிச்சுக்கும்" என்று நீட்டினார். என்னடா மனுஷன் இவர்? துவட்டிக்கொண்டே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூடின ஜன்னல். பழனியில் இறங்கி, "வாறேன் கடைக்காரரே" என்று கொடைக்கானல் பஸ்ஸுக்குப் போனார். தம்பி போய்க் கடைக்காரர் வந்தாயிற்று.

13-11-1959

அக்காள் பேசவில்லை. கண்மணி பேசினாள். பேசாமலிருந்திருக்கலாம். "ஊருப் பொய்யெல்லாம் சொல்ற வாயிக்கு, வேணுங்கிறப்போ ஒரு பொய் வரலையா?"

தமயந்தி காப்பி கொண்டுவந்து வைத்தாள். "விடுங்க மாமா. எப்ப விழுவோமோ, எப்பக் கண்டுபிடிப்பாகளோன்னு நெனச்சுக்கிட்டே அங்க குடும்பம் நடத்த முடியுமா?" என்றாள். கண் சிவந்திருந்தது.

18-11-1959

மலையிலிருந்து மழைதான் வருகிறது. சேதி வரவில்லை.

22-11-1959

செல்லப்பாண்டி வந்தான், தனியாக. கடையில் கூட்டம். ஓரமாகவே நின்றான். பல்லைக் காட்டினேன், வேறு என்ன செய்ய?

"அப்பா சொன்னாரு. வந்துச்சுன்னா நான் என்ன செய்யணும்? தெரிஞ்சுக்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது சுலபம். அதனால் குங்குமச் சாக்குக்குப் பக்கத்தில் விழுந்து படுத்தேன். "டாக்டர் சொன்னது இது. ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில எதையும் திணிக்காதே. தலைக்கு அடியில துணி." அவன் மண்டியிட்டு, கண்ணாடிச் சாமானைப் புரட்டுவதுபோல என்னைப் புரட்டினான்.

"ஐயையோ, கடைக்காரருக்கு இழுத்துக்கிச்சு!" என்று யாரோ ஒரு யாத்திரைக்காரம்மா அலறி, சாவிக்கொத்தை என் கையில் திணித்தாள். தெருவே உள்ளே வந்துவிட்டது.

"ஒண்ணுமில்ல, தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்று செல்லப்பாண்டி கையை அகல விரித்து நின்றான். நான் எழுந்திருக்க அவசரப்படவில்லை.

பஸ் ஏறும்போது சொன்னான்: "எங்க வீட்டு அடுப்பு தரையோட கெடக்கு. விழுந்தாலும் தீ படாத மாதிரி அதைச் சுத்தி இடுப்பளவு சுவர் எழுப்பணும்னு எங்கம்மா கொத்தனாரைக் கூட்டியாந்துருச்சு. தைக்குள்ள முடிக்கணுமாம். ஆனா மழை விட்டாத்தான் மண்ணு காயும்."

பஸ் போன பிறகும் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உச்சியில் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது.