அண்ணிக்கு வந்த ஐம்பதுகள்

மார்ச் 4
அண்ணி நகரசபைத் தேர்தலில் நிற்கிறார். பொருளாளர் நான், வீட்டில் வேறு யாரும் அகப்படவில்லை. ஒருவரிடம் ஐம்பது ரூபாய்க்கு மேல் நன்கொடை வாங்கக் கூடாதாம். “பெரிய ஆள் காசு குடுத்தா அப்புறம் வேலை சொல்லுவான்” என்கிறார். இப்படி வாங்கினால் நோட்டீஸ் அடிக்கக்கூடத் தேறாது என்று அண்ணன் முணுமுணுக்கிறான்.

மார்ச் 9
பணம் வருகிறது! கூடவே புத்திமதியும். முடிதிருத்துபவர் இருபது கொடுத்துவிட்டு அண்ணியின் கொண்டையை மாற்றச் சொல்கிறார். தையல்கார அம்மா பத்து கொடுத்த நாள் முதல் “நம்ம தேர்தல்” என்றுதான் பேசுகிறார். எங்கள் அம்மா ஒருத்தியையே சமாளிக்க முடியாத அண்ணிக்கு இப்போது ஊரெல்லாம் மாமியார்.

மார்ச் 15
ஒரே நாளில் அறுபது பேர், ஆளுக்கு ஐம்பது! குதித்தேன். நோட்டீஸுக்கு அச்சகத்தில் சொல்லியாயிற்று.

மார்ச் 16
கொடுத்தவர்களை அண்ணியே போனில் கூப்பிட்டு நன்றி சொல்வது வழக்கம். இன்று முதலில் ஒரு கொத்தனார்.

“நானா? நான் எங்கே குடுத்தேம்மா? முதலாளி எங்க பேரெல்லாம் எழுதி வாங்கினாரு, அவ்வளவுதான்.”

அடுத்தவரும் அதையே சொன்னார். அறுபது பேரும் ஒரே கட்டட முதலாளியின் ஆட்கள். பெரிய ஆள் சில்லறையாக மாறி உள்ளே வந்திருக்கிறார். நானும் வாயெல்லாம் பல்லாக வரவேற்றிருக்கிறேன். எனக்கு மூளை எங்க போச்சு? ஒரு சந்தேகம் வர வேண்டாமா?

“திருப்பிக் குடுத்துடு.”

“நோட்டீஸுக்கு இருக்கறதே அதுதான், அண்ணி.”

“அப்போ நோட்டீஸ் வேண்டாம்.”

அழுகையாக வந்தது. தோற்றால் என்னால்தான்.

மார்ச் 17
கொடுத்தாயிற்று. கை காலி.

மார்ச் 20
விஷயம் தெரிந்ததும் தையல்கார அம்மா வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். “என் பத்து வீணாப் போக விடுவேனா?” முடிதிருத்துபவர் கடையிலேயே பிரசாரம் செய்கிறார். பாதி வெட்டிய தலையோடு யார் எழுந்து ஓடுவது?

ஏப்ரல் 3
அண்ணி ஜெயித்த மறுநாள். விடிந்ததும் வாசலில் கூட்டம். வாழ்த்த வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒருவருக்குக் குழாய், ஒருவருக்குத் தெருவிளக்கு. “கவுன்சிலரம்மா, நான் முப்பது குடுத்தவன்” என்று ஒருவர் முன்னால் இடித்துக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் பின்னால் ஒரு பெண் தயங்கி நின்றாள்.

“நான் ஒண்ணும் குடுக்கலைங்க. ஓட்டு மட்டும்தான் போட்டேன். நானும் கேக்கலாமா?”

அண்ணி கூட்டத்தை விலக்கி, தன் நாற்காலியை அவள் பக்கத்தில் கொண்டுபோய்ப் போட்டார். “நீங்க முதல்ல சொல்லுங்க.”

முப்பது கொடுத்தவரின் முகம் சுருங்கிவிட்டது. காபி கொடுத்து நான் சமாளித்தேன்.