இரண்டு சீட் காலி, ரைட்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அம்மாவும் நலம், அவளும் இப்போது என் பேச்சைக் கேட்பதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் அவள் காதில் விழும், அதுவும் போக நான் போனில் கத்துகிறேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவள் அடுத்த மாதம் உன்னிடம் வருகிறாள், அது உனக்குத் தெரியும். திரும்பி வரும் தேதி போடாமல் டிக்கெட் எடுத்திருக்கிறாள், அது உனக்குத் தெரியாது. மலைக்கோயிலில் நடந்ததாக அவள் உன்னிடம் சொன்னதும் பொய். நான்தான் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுட்டேன், பஸ் போயிடுச்சு, அப்பா பாவம் திரும்பி வந்து கூட்டிட்டுப் போனாரு என்றாளாமே. சித்தியிடமும் அதே கதை, பக்கத்து வீட்டிலும் அதே கதை. அப்பா பாவமாம். நடந்ததை எழுதுகிறேன், யார் பாவம் என்று நீயே சொல்.

இந்த யாத்திரையே உன் சித்தி இழுத்துவிட்ட வினை. நதி பிறக்கும் இடத்தில் நதியையே சாமியாகக் கும்பிடும் கோயில், பிறவியில் ஒரு தடவையாவது பார்க்கணும் என்று ஆரம்பித்தாள், உன் அம்மா உடனே துணி மடிக்கத் தொடங்கிவிட்டாள். கூட்டிப் போனவன் ஒரு மனிதன், அவனுக்கு நான் வைத்த பெயர் மைக். பத்தடி தூரத்தில் இருக்கும் ஆளிடம்கூட மைக் இல்லாமல் பேச மாட்டான். பல் தேய்ப்பதற்கும் அறிவிப்பு, செருப்பு போடுவதற்கும் அறிவிப்பு. பஸ் கிளம்பும்போது ஆள் எண்ணுவான் பார், ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டே போவான், நடுவில் யாராவது சந்தேகம் கேட்டால் மறந்துபோய் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பான். ஆட்டு மந்தைகூட இதைவிடச் சீக்கிரம் எண்ணிவிடலாம். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், தம்பி நீ மைக்கைப் பாத்துக்க, வண்டியை நான் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பத்துநாலு வருஷம் கண்டக்டராக நின்றவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கண்டக்டர் தலையை எண்ண மாட்டான், காலி சீட்டை எண்ணுவான். என்னையும் என் சீட்டையும் விட்டுவிட்டு உள்ளே இருபத்தாறு சீட், ஆள் இருபத்துநாலு, இரண்டு காலி. வாசலில் நின்று ஒரு பார்வை, இரண்டு காலி, ரைட். அவ்வளவுதான். டிரைவரே, அண்ணே நீங்க இருந்தா எனக்குக் கவலையே இல்லண்ணே என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் உட்கார்ந்தது வாசலை ஒட்டிய ஒற்றை சீட், கண்டக்டர் சீட். முதல் நாளே உன் அம்மா, என் பக்கத்துல உக்காரக் கூடாதா, ஜன்னல் ஓரம் ரெண்டு சீட்டு இருக்கே என்று கேட்டாள். கதவை யார் பாக்கிறது, உங்க அப்பாவா என்று கேட்டேன். செத்துப்போன மனிதரை எதற்கு இழுத்தேனோ. அவள் கடைசிக்கு முந்தைய வரிசையில் தனியாகப் போய் உட்கார்ந்து தலையோடு போர்த்திக்கொண்டாள். பக்கத்து சீட் காலி. எனக்கு அது வசதியாகப் போயிற்று, என் இரண்டு காலியில் ஒன்று அங்கே நிரந்தரமாக இருந்தது.

கோயிலைப் பற்றி உனக்கு என்ன எழுதுவது? இடம் பெரிய இடம்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். நாலா பக்கமும் பனி மலை, நடுவில் அந்தத் தண்ணீர் கல்லில் மோதிக்கொண்டு ஓடுகிறது, பக்கத்தில் நின்றால் பேசுவது கேட்காது. ஆனால் வந்திருக்கிற கூட்டம் இருக்கிறதே! நதியைக் கும்பிட வந்தவன் நதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் எடுக்கிறான். மூச்சு வாங்குகிறது என்று டப்பாவில் காற்று வாங்கி உறிஞ்சுகிறான், உறிஞ்சுவதையும் படம் எடுக்கிறான். ஆற்றங்கரையிலேயே ஆற்றுத் தண்ணீரை பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள், குனிந்து மொள்ளச் சோம்பல்பட்டு வரிசையில் நின்று வாங்குகிறார்கள். பாவம் தீர வந்த இடத்தில் முன்னால் நிற்பவன் காலை மிதித்துக்கொண்டு போகிறார்கள். வரிசை என்று பேர், ஒன்பது பேர் அகலம். பூசாரி பாவம் உள்ளே இருந்து, தள்ளாதீங்க தள்ளாதீங்க என்று தொண்டை கிழியக் கத்துகிறார். நான் பார்த்தேன். கை அரித்தது. படியில் ஏறி நின்று, உள்ளே போங்க, உள்ளே இடம் இருக்கு, கும்பிட்டவங்க வலப்பக்கமா எறங்குங்க, குழந்தை வெச்சிருக்கிறவங்க முன்னாடி வாங்க என்று ஆரம்பித்தேன். ஐந்து நிமிஷத்தில் வரிசை வரிசையாக ஆயிற்று. பூசாரி எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். சாமியைப் பார்த்துக் கும்பிட வேண்டியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார், எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

அப்போதுதான் அம்மா வந்தாள். கும்பிட்டு முடித்துவிட்டாள், மழை வரும் என்று அங்கே எல்லோரும் வாங்கி மாட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் அங்கி மாட்டியிருந்தாள். கொஞ்சம் கீழ எறங்கி வாங்க, தண்ணியில ரெண்டு பேரும் கால் வெச்சுட்டு வந்துடலாம், பத்தே நிமிஷம் என்றாள். நான் இங்க விட்டா மறுபடி கலைஞ்சிடும், நீ போய் வெச்சுக்க, உனக்கு வேற வேலை இல்ல என்றேன். நாலு பேர் கேட்கச் சொன்னேன். அவள் போய்விட்டாள். நானும் நதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன், பாப்பா, படம் எடுக்கவில்லை அவ்வளவுதான்.

பிற்பகல் ஆனதும் மைக் அலற ஆரம்பித்தான். அந்த மலைச் சாலை குறுகல், அதனால் காலையில் வண்டிகள் மேலே ஏற மட்டும், பிற்பகலில் கீழே இறங்க மட்டும். மழையும் தூறத் தொடங்கியது, எல்லோரும் அடித்துப் பிடித்து ஏறினார்கள். நான் கடைசியாக வந்து வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு சீட் காலி. கடைசிக்கு முந்தைய வரிசையில் போர்வைக்குள் தலை. கோபமா, இருக்கட்டும், எத்தனை நாளைக்கு என்று நினைத்துக்கொண்டேன். பிறகு படியில் நின்று வெளியே தலையை நீட்டிப் பின்பக்கம் பார்த்தேன், அது எங்கள் பழக்கம், கடைசி நேரத்தில் யாராவது ஓடி வருகிறார்களா என்று பார்ப்பது. தூரத்தில் கோயில் படி மேல் நீல அங்கி போட்ட ஒரு பெண்பிள்ளை நின்றாள். ஓடி வரவில்லை, கை காட்டவில்லை. ஓடி வராத ஆள் நம் வண்டி ஆள் இல்லை, முப்பத்துநாலு வருஷம் அந்தக் கணக்கு தப்பியதே இல்லை. வண்டியின் பக்கத் தகட்டில் இரண்டு தட்டு தட்டி, ரைட் போலாம் என்றேன்.

முக்கால் மணி நேரம் இறங்கியிருப்போம். கோயிலில் பார்த்த கூட்டத்தின் முட்டாள்தனத்தையெல்லாம் டிரைவரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தேன். ஒரு வளைவில், ஐயா இங்கதான், நிறுத்துங்க, நான் எறங்கணும் என்று பின்னாலிருந்து குரல். போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து நின்றது கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாள். கீழே தன் ஊர் வரைக்கும் வர டிரைவரிடம் கேட்டிருக்கிறாள், அவனும் இரக்கப்பட்டு முன்னாடியே ஏற்றியிருக்கிறான், அவள் குளிருக்கு அம்மா சீட்டில் கிடந்த போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், அவன் என்னிடம் சொல்ல மறந்துவிட்டான். உன் சித்தி முன் வரிசையிலிருந்து விழித்துக்கொண்டு, அக்கா எங்க மாமா, உங்க கூட இல்லியா என்றாள். என்கூட! அம்மாவின் போன் என் சட்டைப் பையில் இருந்தது, தொலைத்துவிடுவாள் என்று நான்தான் வாங்கி வைத்திருந்தேன். மைக் ஒரு வார்த்தை பேசவில்லை, கையில் மைக் இருந்தும் பேசவில்லை. அதைவிட அவன் என்னைக் காறித் துப்பியிருக்கலாம்.

பஸ் திரும்ப முடியாது, மேலே விட மாட்டார்கள். இறங்கி நடந்தேன். முழங்காலைத் திட்டிக்கொண்டு மழையில் அரை மணி நேரம் நடந்த பிறகு, சாலையில் சரிந்த கல்லை அள்ளுகிறவர்களின் ஜீப் ஒன்று மேலே போயிற்று, கையைக் காலைப் பிடித்து ஏறிக்கொண்டேன். ஓட்டுகிறவன் என்ன விஷயம் என்று கேட்டான், சொன்னேன். பெரியவரே, பெட்டியெல்லாம் எண்ணி ஏத்திட்டீங்களா என்று கேட்டான். ஏற்றிவிட்டேன் என்றேன். அப்ப சரி என்றான். அவளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதே, மூச்சு இழுக்குமே, ஒரு மாத்திரைகூடக் கையில் இல்லையே என்று ஒவ்வொரு வளைவிலும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். சாமி கும்பிடத் தோன்றவில்லை, அவள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் முன்னால்கூட நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஏய் என்பதோடு சரி.

போய்ப் பார்த்தால் உன் அம்மா டீக்கடை அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைக்காரியின் பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? செய்தது என்ன தெரியுமா? அறிவு இருக்கா உனக்கு என்று கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பின்னலை முடித்து ரிப்பன் கட்டிவிட்டு எழுந்து வந்தாள். பஸ் கிளம்பினதப் பாத்தேன், படி மேலதான் நின்னேன், நீங்களும் என்னப் பாத்தீங்க என்றாள். பாத்தேன், நீதான்னு தெரியல, நீ ஓடி வரல, ஒரு குரல் குடுத்திருக்கலாம்ல என்றேன். அதற்கு அவள் சொன்னது, இத்தனை வருஷமா குரல் குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன், ஒரு தடவை குடுக்காம நின்னு பாப்போம்னு தோணுச்சு, நான் இல்லேங்கிறது உங்களுக்குத் தானா தெரியுதான்னு பாத்தேன். கோபமாகச் சொல்லவில்லை, பாப்பா. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அந்த மாதிரிச் சொன்னாள். எவ்வளவு நேரம் கழிச்சுத் தெரிஞ்சுது என்று கேட்டாள், முக்கால் மணி நேரம், அதுவும் உன் சீட்டுல இருந்த பூக்காரி எறங்கினதால என்றேன். பூக்காரி இறங்கியிராவிட்டால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று அவள் கேட்கவில்லை. நான்தான் அன்றிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வெளிச்சம் இருக்கும்போதே அதே ஜீப்பில் இறங்கினோம். பக்கத்தில்தான் உட்கார்ந்தேன், வேறு இடம் இல்லை. பாதி வழியில், நான் பாப்பா வீட்டுக்குப் போறேன், நீங்க வர வேண்டாம் என்றாள். நீ மூன்று தடவை கூப்பிட்டாய், மூன்று தடவையும் அம்மாவுக்கு உங்கள் ஊர்க் குளிர் ஆகாது என்று நான்தான் பதில் சொன்னேன், அவளிடம் கேட்கக்கூட இல்லை. எனக்கு யார் சாதம் வடிப்பது என்ற பயம்தான், வேறென்ன. பனித் தண்ணீரில் அரை மணி நேரம் தனியாகக் காலை வைத்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னவளிடம் இனி அந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஊர் திரும்பியதும் டிக்கெட் எடுக்கப் போன இடத்தில் இருந்த பெண், திரும்பி வர்ற தேதி என்ன போடட்டும்மா என்று கேட்டாள். இப்ப போறதுக்கு மட்டும் போடுங்க என்றாள் உன் அம்மா. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த விமானப் படத்தைப் பார்த்தேன்.

அவளைத் திரும்பிப் போகச் சொல்லி நீ வற்புறுத்தாதே. அவளிடம் இதையெல்லாம் கிளறவும் வேண்டாம், பொய்யைப் பொய்யாகவே வைத்துக்கொள், எனக்காகச் சொன்ன பொய் அது. இரத்த அழுத்த மாத்திரை காலையில் ஒன்று, வெறும் வயிற்றில் வேண்டாம். மாப்பிள்ளை விமான நிலையத்துக்கு அந்தக் கிழிந்த பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வர வேண்டாம், நாகரிகம் என்று அவர் சொன்னாலும் எனக்கு அது கிழிசல்தான். குட்டியிடம் தாத்தா முத்தம் கொடுக்கச் சொன்னார் என்று சொல். நீங்கள் எல்லோரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நீண்ட நாள் வாழ வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

ஒன்று மட்டும் மறக்காமல் அவளிடம் சொல்லிவிடு, நான் சொன்னால் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிடுவாள். அவள் கிளம்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இதோ அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள், சத்தம் கேட்கிறது. அவள் இல்லை என்பது எனக்கு இப்போதே தெரிகிறது, யாரும் குரல் கொடுக்காமலே தெரிகிறது.

இப்படிக்கு,
உன் அப்பா