ஓடி வராத சின்னவன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே குளிரிலும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, அது பழைய வலி, புது வலியைக் கீழே எழுதுகிறேன். போன் இருக்க ஏன் காகிதத்தை எடுத்தார் என்று யோசிப்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள், அவள் சமையலறையில் இருந்தாலும் காது மட்டும் ஹாலில்தான் இருக்கிறது. அதனால் பஸ் டிப்போ எதிரில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்து டிப்போ மேனேஜரே இது அச்சடித்ததா என்று கேட்டவர், அது உனக்குத் தெரியும்.

விஷயம் சின்னவனைப் பற்றி. உன் தம்பி நம் வீட்டில் உன்னோடு மட்டும்தான் பேசிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். எங்கே தங்கியிருக்கிறான் என்று நீ சொல்ல வேண்டாம், சத்தியம் வாங்கியிருப்பான், நான் அதைக் கிளறப் போவதில்லை. அவன் பக்கத்தைக் கேட்டிருப்பாய், என் பக்கத்தையும் கேட்டுவிடு. பெரியவன் தன் கண்ணாடிக் கடை நன்றாக நடக்கிறது என்று எங்களையும் உன் அண்ணியையும் சின்னவனையும் கப்பல் பயணம் அழைத்துப் போனான், லீவு கிடைக்காமல் நீ மட்டும் வரவில்லை, அது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். கப்பல் என்றால் அப்படி ஒரு கப்பல் அம்மாடி. நம் தெருவையும் பின் தெருவையும் மார்க்கெட்டையும் தூக்கி உள்ளே வைத்தாலும் மேலே துணி காயப்போட இடம் மிச்சம் இருக்கும். லிஃப்டில் தினம் ஒரு விரிப்பு போடுகிறார்கள், அதில் அன்றைக்கு என்ன கிழமை என்று எழுதியிருக்கிறது, ஏனென்றால் உள்ளே போனவனுக்குக் கிழமையே மறந்துபோகிறது. நான் மேல்தளத்தில் நின்றுகொண்டு நாலு பிள்ளைகளிடம், பஸ்ஸும் கப்பலும் ஒன்றுதான், இரண்டிலும் திருப்பம் வருவதற்கு முன்னாலேயே திருப்பத்தை நினைக்க வேண்டும் என்று சும்மா ஒரு வார்த்தை சொன்னேன், சாயங்காலத்துக்குள் எனக்குக் கேப்டன் மாமா என்று பெயர் வந்துவிட்டது. நிஜக் கேப்டனே வந்து கை கொடுத்தார். கை கொடுத்தார் என்றால் தூரத்தில் இருந்து ஆட்டினார், ஆனால் என்னைப் பார்த்துத்தான் ஆட்டினார்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தத் துண்டுகள். அறையைச் சுத்தம் செய்கிற பையன் குளிக்கிற துண்டை மடித்து ஒரு நாள் யானை, ஒரு நாள் அன்னம், ஒரு நாள் குரங்கு என்று கட்டிலில் உட்கார வைத்துவிட்டுப் போவான். பிரித்தால் பாவம் என்று அம்மா அதை எல்லாம் சோபாவில் வரிசையாக வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன பழைய துண்டால் துடைத்துக்கொண்டாள். நான் எங்கே உட்காருவது என்று கேட்டால் யானைக்குப் பக்கத்தில் உட்காருங்கள் என்கிறாள்.

ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில்தான் வினை வந்து உட்கார்ந்தது. எங்களோடு ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டரையும் அவர் சம்சாரத்தையும் போட்டிருந்தார்கள். அவர் கேட்டார், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று. கேட்டால் சொல்ல வேண்டாமா? பெரியவனுக்கு மூன்று கடை என்றேன். உன்னை நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே தலைமை நர்ஸ் ஆக்கினேன், உனக்கு அது இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குக் கிடைக்கப்போகிறதுதானே. சின்னவன் முறை வந்தபோது, அண்ணன் கடையில் ஜன்னல் அளவெடுத்துக் கண்ணாடி தூக்குகிறான் என்று அந்தப் பளபளக்கிற மேஜையில் எப்படிச் சொல்வது, அவன் செல்போன் கடை போட்டு மூடிய கதையை ஐஸ்கிரீமுக்கு நடுவில் எப்படி எடுப்பது, இவன் இன்ஜினியர், முந்நூறு பேர் இவன் கையின் கீழ் என்று சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். சின்னவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அந்த ஹெட்மாஸ்டரும் சும்மா இருந்தாரா, வேலையில்லாத தன் மருமகனுக்கு ஏதாவது பார்த்துத் தர வேண்டும் என்று தினம் சின்னவன் தட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், அப்பா வயசு ஆள் அவனை சார் சார் என்றார். கடைசியில் ஒரு நாள் பெரியவன் விளையாட்டாக, "டேய் இன்ஜினியர், அந்த முந்நூறு பேர்ல ரெண்டு பேரையாவது நம்ம கடை ஷட்டரைத் தூக்க அனுப்புடா" என்றான். மேஜையே சிரித்தது. நானும் சிரித்தேன், என் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டிருக்கும், என் குரல் அப்படி. ஹெட்மாஸ்டருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. சின்னவனும் சிரித்து, இன்னொரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டான். கோபம் வந்தவன் ஐஸ்கிரீம் கேட்பானா சொல்லு.

மறுநாள் கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றது. காலையில் அவன் நீலப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தான். ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னான், யானைத் தலையைத் தட்டினான். நான் கதவு வரைக்கும் போய், நேரத்தோடு வந்து சேர், இது நம் டவுன் பஸ் இல்லை என்றேன். அப்போது அவன் குரலை இறக்கி என்னிடம் மட்டும் சொன்னான், "அப்பா, ஹெட்மாஸ்டர் கேட்டா எனக்கு இந்த ஊருக்கு மாத்தல் ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவாரு." கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினேன்.

மத்தியானத்துக்கு மேல் எல்லோரும் திரும்பி ஏறிவிட்டார்கள். ஏறும்போது வாசலில் அட்டையைக் காட்டினால் ஒரு டிங் சத்தம் கேட்கும், யார் வந்தார் யார் வரவில்லை என்று அதற்குத் தெரியும். சின்னவனுடைய டிங் மட்டும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அம்மா கால் வலிக்கிறது என்று படுத்திருந்தாள், பெரியவனும் அண்ணியும் நீச்சல் குளத்தில் இருந்தார்கள், நான் ஓடினேன். கேப்டன் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும் போனில் அப்படித்தான் சொன்னேன். கேப்டனை நான் பார்க்கவே இல்லை. வரவேற்பு மேஜையில் உன்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம்தான், நான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன் அம்மா, கண்ணாடியில் ஒருத்தன் ஓடி வருவது தெரிந்தால் பச்சை சிக்னல் விழுந்திருந்தாலும் நிறுத்துவேன், என் பஸ்ஸைத் துரத்தி வந்தவன் எவனும் ரோட்டில் நின்றதில்லை, கொஞ்சம் நிறுத்தச் சொல் என்று கெஞ்சினேன். அவள் பாவம், ஏற்கெனவே அவனுக்காகத் தாமதித்துவிட்டோம் சார் என்றாள், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

தண்ணீரைக் குடிக்காமல் மேல்தளத்துக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கீழே துறைமுகத்தில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அங்கேதான் இருந்தான். நீலப் பை தெரிந்தது. ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் கையில் ஒரு பேப்பர் கப்போடு நின்றுகொண்டிருந்தான். டேய் ஓடி வாடா, ஓடி வாடா என்று கத்தினேன், என் குரலுக்கு அக்கரையே கேட்டிருக்கும், அவனுக்குக் கேட்காமல் இருக்காது. அவன் என்னைப் பார்த்தான். கையைத் தூக்கினான், ரயிலடியில் வழியனுப்ப வந்தவன் தூக்குவானே, அந்த மாதிரி. ஓடி வருகிறவனுக்காக என்றால் எந்த வண்டியையும் நிறுத்தலாம் கண்ணு. நிற்கிறவனுக்காக எதை நிறுத்துவது? கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் முதலில் ஒரு வாளித் தண்ணீர் அளவுக்குத்தான் இடைவெளி தெரிந்தது. அப்புறம் அவன் முகம் தெரியவில்லை, பை மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

அறைக்குப் போய் அம்மாவிடம் என்ன சொல்வது. சின்னவன் தலைதெறிக்க ஓடி வந்தான், பத்தடி இருக்கும்போது பாவிகள் பலகையை இழுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. செருப்பு ஒன்று கழன்று போனது என்று கூடச் சொன்னேன், அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. அன்றைக்குச் சின்னவன் அறையில் அந்தத் துண்டு மடிக்கிற பையன் வழக்கம்போல ஒரு முயலை மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அம்மா அதை எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டாள். கப்பல்காரன் துண்டு, திருட்டுக் கேஸ் ஆகும் என்று பெரியவன் திட்டினான், காதிலேயே வாங்கவில்லை. இப்போது முயல் நம் வீட்டு பீரோ மேல் உட்கார்ந்திருக்கிறது, தூசி தட்டுவதற்குக் கூட யாரும் தொடக் கூடாது.

ஓடி வந்தவன் ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று அடுத்த கேள்வி வராதா? வந்தது. அந்த ஊரிலேயே பெரிய வேலை கிடைத்துவிட்டது, கண்ணாடித் தொழிற்சாலை, தங்குவதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது போய்ப் பார்க்க வேண்டும் என்கிறாள். எனக்கு ஒரு மாசமாகச் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கு நடுவில் பெரியவன், ஓடி வந்த தம்பியை விட்டுவிட்டுப் போன கம்பெனியைச் சும்மா விடமாட்டேன் என்று புகார் எழுதிவிட்டான். அவனுக்கும் தம்பி இல்லாமல் கை உடைந்த மாதிரிதான் இருக்கிறது, தானே போய் அளவெடுத்து ஒரு பல் டாக்டர் அறைக் கண்ணாடியையே குட்டையாக வெட்டிவிட்டான், டாக்டருக்குக் கழுத்துக்குக் கீழேதான் தெரிகிறதாம். வேறு ஆள் போட்டுக்கொள் என்றால் சண்டைக்கு வருகிறான். அந்தப் புகாருக்குக் கம்பெனிக்காரன் மரியாதையாகப் பதில் போட்டிருக்கிறான், துறைமுக வாசலில் கேமரா இருக்கிறது, அன்றைய வீடியோவை எடுத்து அனுப்பி வைக்கிறோம், நீங்களே பாருங்கள் என்று. பெரியவன் அதை டிவியில் போட்டு அம்மாவுக்குக் காட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறாள், பிள்ளை ஓடி வருவதைப் பார்ப்பதற்கு.

நான் எந்தப் பக்கம் திருப்புவது சொல்லு. எத்தனையோ முட்டுச் சந்தில் பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்திருக்கிறேன், இதில் எனக்குப் பின்னால் ரோடே இல்லை. சின்னவனுக்குப் போன் போட்டால் மணி அடிக்கிறது, எடுப்பதில்லை. போன வாரம் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார், அதே மருமகன் விஷயம். சரி, ஒரு இடத்திலாவது அவிழ்ப்போம் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு, சார், என் சின்னப் பிள்ளை இன்ஜினியர் இல்லை, ஜன்னலுக்கு அளவெடுக்கிறவன், அவன் கீழே ஆள் யாரும் கிடையாது, ஆனால் அவன் வெட்டிய கண்ணாடி ஒரு நூல் கூட ஆடாது என்று சொன்னேன். அவர் சிரியோ சிரி என்று சிரித்தார். "கேப்டன் மாமா, பெரிய மனுஷங்களுக்கே உள்ள தன்னடக்கம் இது" என்றார். என் ஆயுசில் என்னைத் தன்னடக்கம் உள்ளவன் என்று ஒருத்தர் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் நிஜத்தைச் சொன்னாலும் இனிமேல் கேட்பதற்கு ஆள் இல்லை போலிருக்கிறது.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். அந்த வீடியோ வருவதற்கு முன்னால் அவனை அம்மாவிடம் பேசச் சொல். என்னிடம் பேச வேண்டாம். ஓடினேன் என்று சொல்லட்டும், நின்றேன் என்று சொல்லட்டும், அவன் வாயால் என்ன சொன்னாலும் அவள் தாங்கிக்கொள்வாள், டிவியில் பார்த்தால் தாங்கமாட்டாள். வீட்டுக்கு வருவதாக இருந்தால் ஓடி வர வேண்டாம், மெதுவாக நடந்து வரட்டும். அவன் யார் என்ன வேலை என்று இனி நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை, கேட்டால் என் பிள்ளை என்று மட்டும் சொல்கிறேன். அவன் நின்றுகொண்டிருந்தான் என்பது எனக்கும் உனக்கும் மட்டும்தான் தெரியும், உன் அண்ணனிடம் கூட மூச்சு விடாதே.

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் நீடு வாழ வேண்டும், நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் தூங்கிவிடாதே, குட்டிக்குக் காதை மூடி அனுப்பு. இதைப் படித்ததும் முதலில் தம்பிக்குப் போன் போடு, மற்றது எல்லாம் அப்புறம்.

உன் அன்பு அப்பா
(கேப்டன் இல்லை, டவுன் பஸ் டிரைவர்)