பிள்ளை மடுவம் அமைதியாக இருப்பது பற்றிய புகார்

அனுப்புநர்:
மூக்கையா சதீஸ்குமார்,
தொழிற்சாலை இயந்திரப் பராமரிப்பாளர்,
இல. 7, மேற்பிரிவு லயம்,
வெள்ளோடைத் தோட்டம், கலஹா.

பெறுநர்:
மேற்பார்வை அதிகாரி அவர்கள்,
தோட்டப் பிள்ளை மடுவங்கள் பிரிவு,
கண்டி.

பொருள்: செல்வி நிரோஷினி மீது 2025.07.11 ஆம் திகதி நான் கொடுத்த புகாரை மீளப் பெறுவதும், அதைக் கொடுத்த என் மீது புகார் செய்வதும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. மேற்படி திகதியில், 'பிள்ளை மடுவத்தில் ஓயாத பேச்சு' என்று தலைப்பிட்டு, இருபத்திரண்டு பேரிடம் கையொப்பம் வாங்கித் தங்களுக்கு மனு அனுப்பியவன் நானே. இன்று அதே கையால் இதை எழுதுகிறேன். கையொப்பமிட்டவர்களைத் தாங்கள் கோபிக்க வேண்டாம். அவர்கள் வாசித்துப் பார்க்கவில்லை, வாசிக்க நான் விடவும் இல்லை.

2. நான் இரவு வேலைக்காரன். காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால், என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை மடுவம். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டுத் தூங்க வைப்பதுதான் அங்கே வேலை என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். பார்வையிட வரும் அதிகாரிகளும் சத்தமில்லாத மடுவத்துக்கே 'நன்று' என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். ஆகவே அதிகாரியின் வாகனம் சந்தியில் திரும்பியதும் எல்லாப் பிள்ளைகளையும் தொட்டிலில் ஏற்றிவிடுவது எங்கள் தோட்டத்து வழக்கம். இதைத் தாங்கள் அறிந்திருக்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

3. கடந்த பெப்ரவரியில் வத்தேகமவிலிருந்து வந்து மடுவத்தைப் பொறுப்பேற்ற செல்வி நிரோஷினி இந்த வழக்கத்துக்கு வளைந்து கொடுக்கவில்லை. ஐந்து மாதப் பிள்ளையிடம் மழை வரப்போகிறதே, துணியை எடுக்கலாமா என்று கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். பிள்ளை 'ங்கா' என்றால், அப்படியா என்று அதற்கும் ஒரு மறுமொழி சொல்வார். தூக்கம் கெட்ட எரிச்சலில் நான் எழுதிய வரி இதுதான்: 'பேச்சு வராத பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். இவருக்குப் புத்தி சுவாதீனம் உண்டா என விசாரிக்கவும்.' எழுதியபோது எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த ஒரு வரியின் பேரில் ஆகஸ்ட் 4 ஆம் திகதி அவர் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். வைத்தியச் சான்றிதழுடன் ஒக்டோபர் 14 ஆம் திகதி விசாரணைக்கு வருமாறும் அவருக்கு அறிவிக்கப்பட்டது.

4. அவர் இடைநிறுத்தப்பட்டு இரண்டு வாரம் கழித்து, தொழிற்சாலை ரோலர் இயந்திரத்தில் என் இடது கை நசுங்கி, நான்கு வாரம் வீட்டில் இருக்க நேர்ந்தது. மனைவி துஷ்யந்தி கொழுந்தெடுக்க மலைக்குப் போவதால், பத்து மாத மகள் தனுஷியா என்னிடம் இருந்தாள். அதுவரை அவளும் பகலில் மடுவத்தில் இருந்தவள், அவள் தூங்குவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் காலை அவள் என் முன்னால் உட்கார்ந்து, ஏதோ நீளமாகச் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். தலையைச் சாய்த்து என் வாயையே பார்த்தாள். பசி என்று நினைத்துப் பால் கொடுத்தேன். தட்டிவிட்டு, முதலில் சொன்னதையே திரும்பச் சொல்லி மீண்டும் காத்திருந்தாள். ஐயா, அவள் தன் முறையை முடித்துவிட்டு என் முறைக்காகக் காத்திருந்தாள். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லையே என்று அவளுக்கு என் மேல் இரக்கமாகக்கூட இருந்திருக்கலாம். கடைசியில், அப்படியா என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்த விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அன்று பகல் முழுவதும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

5. கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் இதைச் சொன்னபோது, அவர் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து விளக்கினார். பிறக்கும்போது பிள்ளையின் மூளை பெரியவரின் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதானாம். மூன்று வயதுக்குள் நூற்றுக்கு எண்பது பங்கு வளர்ந்துவிடுமாம். இந்த முதல் வருடங்களில் ஒவ்வொரு செக்கனுக்கும் பத்து இலட்சத்துக்கு மேல் புதிய இணைப்புகள் உண்டாகின்றனவாம். பிள்ளை குரல் கொடுக்க, அதற்கு ஒருவர் பதில் கொடுக்கக் கொடுக்க அந்த இணைப்புகள் பலப்படும். பயன்படாதவற்றை மூளை தானே வெட்டிவிடும். கிளை வெட்டும் கவ்வாத்து தேயிலைக்கு மட்டும் உரியது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

6. பதினாறு வருடமாக இயந்திரங்களோடு இருப்பவன் நான். எந்த இயந்திரத்தையும் முழுதாகப் பூட்டிய பிறகுதான் ஓட விடுவோம். ஓடிக்கொண்டே தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் ஒன்றை நான் கண்டதில்லை. அப்படி ஒன்று அன்று என் மடியில் உட்கார்ந்து என் கைக்கட்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. அன்று கலஹா பஸ்ஸில் வரும்போது அவள் தலையில் கை வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் சூடாக இருந்தது, அவ்வளவுதான். உள்ளே அத்தனை வேலை நடந்துகொண்டிருந்தது. வெளியே ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் தூங்குவதற்காக நிறுத்தச் சொன்னது இந்த வேலையைத்தான்.

7. செப்டெம்பர் 7 ஆம் திகதி வத்தேகம சென்று செல்வி நிரோஷினியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏசவில்லை. தேத்தண்ணி கொடுத்து, தனுஷியா இப்போது எதையெல்லாம் காட்டிக் கேட்கிறாள் என்று விசாரித்தார். பிறகு சொன்னது இது: "நான் காத்திருந்தது கிறுக்குப் புடிச்சு இல்லீங்கண்ணே. பதில் சொல்றதுக்கு அதுங்களுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். யாருமே அந்த நேரத்தைக் குடுக்குறதில்ல." விசாரணைக்கு வரத் தமக்கு மனமில்லை என்றும் சொன்னார். தம்மைப் பைத்தியம் என்று எழுதிய காகிதத்தின் முன்னால் எப்படி நிற்பது என்று கேட்டார். அந்தக் காகிதத்தை நானே திரும்பப் பெறுவதுதான் வழி என்று இதை எழுதுகிறேன்.

8. ஆகவே, எனது முந்தைய மனுவை இரத்துச் செய்து, அவர் விசாரணைக்கு வர வேண்டிய அவசியமின்றி அவரை இதே மடுவத்துக்கு உடனே திருப்பி அனுப்புமாறு வேண்டுகிறேன். விசாரணை நடந்தே தீர வேண்டுமென்றால் 14 ஆம் திகதி அவர் இடத்தில் நான் வந்து நிற்கிறேன். சுவாதீனம் பற்றிய கேள்வியை என்னிடமே கேட்கலாம். பொய்ப் புகாருக்கு எந்தத் தண்டனையானாலும் ஏற்கிறேன். ஆனால் மூளை தங்கள் கோப்புக்காகக் காத்திருப்பதில்லை. தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் அந்தப் பிள்ளைகளின் கணக்கிலேயே கழியும். என் மகளோடு பேச நான் தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளலாம். மற்றப் பத்துப் பிள்ளைகளின் வீட்டில் பகலில் யாரும் இல்லை. மடுவத்தில் இப்போது இருப்பவரோ அவர்களைத் தூங்க மட்டும் வைக்கிறார்.

9. இறுதியாக ஒன்று. கடந்த செப்டெம்பர் 19 ஆம் திகதி தாங்கள் எங்கள் மடுவத்துக்கு வந்து, 'மிக அமைதியாக உள்ளது, பாராட்டுகள்' என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறீர்கள். கை ஆறி நான் வேலைக்குத் திரும்பியதால் மகளை மறுபடி மடுவத்தில் விட்டிருந்தோம்; தங்கள் வாகனம் போன பின் அவளைத் தூக்கிவர உள்ளே போனேன். ஒவ்வொரு தொட்டிலாக விலக்கிப் பார்த்தேன். பதினொரு பிள்ளைகளும் விழித்திருந்தார்கள். தனுஷியா என்னைக் கண்டும் குரல் கொடுக்கவில்லை.

தங்கள் பதிலுக்காக, அந்தப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டபடி, காத்திருக்கும்,

(ஒப்பம்) மூ. சதீஸ்குமார்

இடம்: கலஹா
திகதி: 2025.10.02