கொம்பு இழுத்த அன்று எடுத்த படம்

தன்னாமுனை,
ஆவணி 2007

அன்பின் மனைவிக்கு,

நான் சுகம். அடையாள அட்டையும் கமராவும் இராணுவ முகாமில் இருப்பதால் வர முடியவில்லை.

அம்மன் சடங்குக்கு உன் ஊர்த் தெருவில் இரண்டு சேரியாரும் வளைந்த மரக்கொம்புகளை ஒன்றோடொன்று பூட்டி, வடம் கட்டி எதிரெதிரே இழுத்ததை எடுத்தேனல்லவா, அந்தப் படங்களைத் தினமும் காட்டி, "இவன் ஆர்?" என்று கேட்கிறார்கள். நான் வெளியூர்க்காரன், ஒருவரையும் தெரியாது என்றே சொல்லிவந்தேன்.

இன்று ஒரு படத்தில் நிறுத்தினார்கள். வடம் பிடித்த அத்தனை பேரும் கொம்பைப் பார்க்கிறார்கள். உன் தம்பி மட்டும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"தெரியாத ஆளப் பாத்து இவன் ஏன் சிரிக்கான்?" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

கமராவைக் கண்டால் எல்லாரும் சிரிப்பார்கள் என்றேன். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி கொஞ்சநாள் கொழும்பில் இருக்கட்டும். இதை வாசித்ததும் எரித்துவிடு.

"மச்சான், இஞ்ச பார்" என்று அவனைக் கூப்பிட்டது நான்தான்.

உன் கணவன்