சாமியிடம் வாங்கிய எண்பது டாலர்

1946 ஆகஸ்ட் 5, திங்கள்

விடியலில் தூறல். நைனாவுடன் முதல் ரயிலில் மதராஸ். அரக்கோணம் வரை நின்றுகொண்டே. பாங்கியில் கேட்க வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கம்பிக்கு முன்னால் போனதும் குரல் வரவில்லை. நைனா முதுகில் விரலால் தட்டினார். கேட்டுவிட்டேன்.

மலாய் டாலர், விசாரித்தது:
பாங்கி: நூறு டா. ரூ. 156 சொச்சம். கமிஷன் தனி.
கப்பல் ஏஜெண்டு: 165. வரிசை கிடையாது, உடனே தருவாராம்.
துறைமுகத்துப் பக்கம் ஒரு தரகர்: 180. "ரசீது கிசீதெல்லாம் எதுக்கும்மா, இங்கயே எண்ணிக்க." நைனா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

பினாங்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. கப்பல் டிக்கெட் அவர்கள் செலவு. வேர்க்கடலை விற்ற பணத்தில் பெட்டி, டாக்டர் சர்டிபிகேட் போக மிச்சம் ரூ. 130. வேண்டியதோ நூறு டாலர். பினாங்கில் பெண்கள் விடுதியில் மூன்று மாத வாடகை முன்னதாகக் கட்டினால்தான் அறை. இல்லையென்றால் பள்ளிக்கூடக் காரியதரிசி தன் வீட்டு மாடியில் இலவசமாகத் தங்கலாம் என்று எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு அதுதான் சம்மதம். "குடும்பஸ்தர் வூடு. ஆஸ்டல்ல யார் யாரோ இருப்பாங்க."

ரஞ்சிதம் அக்கா எங்கள் கல்லூரியில் எனக்கு வெகு முன்னால் படித்தவர். யுத்தத்துக்கு முன் அதே பள்ளிக்கூடத்தில் வேலை, அதே மாடியில் வாசம். பகலில் வகுப்பு. மாலையில் காரியதரிசியின் குழந்தைகளைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவது. சம்பளம் அவர் பெட்டியில். தபாலாபீஸ் போகவும் உத்தரவு கேட்க வேண்டும். இதை வீட்டில் சொன்னால், போகவே வேண்டாம் என்று நிறுத்திவிடுவார்கள். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

வெயில். ரேஷன் அரிசியில் பாதி கல்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து பாவா, என் அக்கா வீட்டுக்காரர், வந்தார். அக்கா வரவில்லை, தறியில் பாவு ஏற்றியிருக்கிறதாம். செருப்பைக் கழற்றும்போதே சேதி. ஆடிக் கிருத்திகைக்கு மலாய் தேசத்திலிருந்து வந்தவர்கள் மலைமேல் கோயில் உண்டியலில் டாலர் நோட்டாகப் போட்டிருக்கிறார்கள். காணிக்கை வேட்டி, சேலை, சேவல்களோடு அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஏலம். கீழே தண்டோரா போட்டாகிவிட்டது.

"இந்த ஊர்ல எவனுக்கு டாலர் வேணும்? ஒருத்தன் கேக்க மாட்டான். பாதி வெலைக்கு அடிச்சிடலாம். சாமி கமிஷன் கூட வாங்க மாட்டாரு."

அம்மா அடுப்படியிலிருந்து: "கடல் தாண்டிப் போறவ, சாமிகிட்ட கொறைச்சு வாங்கினு போறதா? நல்லா இருக்குது மாப்ளே உங்க யோசனை."

"ஏலம்னா அப்பிடித்தான் அத்தே. கோயில் சேவல வாங்கலியா நீங்க போன வருசம்?"

"சேவல் வேற."

 கொஞ்ச நேரம் கழித்து அம்மா என்னிடம் மட்டும் கேட்டாள், பாங்கியில் இன்னா வெலை சொன்னான் என்று. சொன்னேன். வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தலைவலி. தேவஸ்தானத்து ஆள் வந்து கூப்பிட்டார். நோட்டில் இங்கிலீஷ் இருக்கிறதாம், படித்துச் சொல்ல வேண்டுமாம். நைனாவோடு மலை ஏறினேன். குமாஸ்தா ஒரு தாம்பாளத்தில் கொட்டி வைத்திருந்தார். விபூதியும் மஞ்சளும் அப்பிய நோட்டுகள்.

இரண்டு தினுசு. ராஜா தலை போட்டது கொஞ்சம். வாழை மரமும் குலையும் போட்டது கட்டுக் கட்டாக. இரண்டாவது ஜப்பான்காரன் பிடித்திருந்தபோது அச்சடித்தது. கொடுத்தால் தொடாதே என்று பாங்கிக்காரர் அன்றே சொல்லியனுப்பினார். தனித்தனியாகப் பிரித்து வைத்தேன்.

"இந்தக் கட்டு எவ்ளோம்மா பெறும்?"

"ஒண்ணும் பெறாதுங்க."

"ஒண்ணுமேவா?"

"ஆங். காகிதம்தாங்க."

குமாஸ்தா வாழை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஊர்ல செல்லாததெல்லாம் இவர் தலைலதான் கட்டுறானுங்க."

ராஜா தலை நோட்டு மொத்தம் எண்பது டாலர். அதன் விலையை அவர் கேட்கவில்லை. "நீங்களும் ஏலத்துக்கு வருவீங்களாமே. அப்ப நான் கேக்கறது மொறையில்ல. முப்பது ரூவாய்ல ஆரம்பிக்கிறேன், கேக்கறவங்க கேக்கட்டும்."

இறங்கும்போது கணக்குப் போட்டேன். எண்பது ரூபாய்க்குக் கிடைத்தால் மிச்ச ஐம்பதுக்குப் பாங்கியில் முப்பது டாலர். விடுதிக்குக் கட்டிக் கையிலும் கொஞ்சம் நிற்கும். பாங்கி விலைக்கே போனால் எண்பதோடு சரி.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நல்ல வெயில். ஏலம். 

மண்டபத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வேட்டிகள் சீக்கிரம் போயின, துணிப் பஞ்ச காலம். சேவல்களுக்கு ஒரே சத்தம். டாலர் வந்ததும் எல்லோரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

முப்பது என்றார் குமாஸ்தா. பாவா முப்பத்தைந்து. பாத்திரக் கடைக்காரர் விளையாட்டுக்கு ஐம்பது. பாவா அறுபது. "எனுக்கு எதுக்குய்யா, பல்லு குத்தவா?" என்று கடைக்காரர் உட்கார்ந்துவிட்டார். குமாஸ்தா ஒரு தரம் சொன்னார். இரண்டு தரம் சொன்னார்.  அறுபது ரூபாய்!

"எண்பது," என்றது என் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

அம்மா.

பாவா திரும்பிப் பார்த்தார். "அத்தே, நான் கேக்கறது நம்ம கோமளாவுக்குதான்!"

"தெரியும். எண்பது."

"நீங்க யாருக்கு கேக்கறீங்க?"

"நானும் அவளுக்குதான்."

மண்டபம் முழுக்கச் சிரிப்பு. ஒருவர்: "மாமியாரும் மருமவனும் வூட்லயே பேசிகினு வரக்கூடாதா?" பாவா வாயை மூடிக்கொண்டார். எண்பதில் முடிந்தது என்று நினைத்தேன். எண்பதானாலும் போதும் எனக்கு. குமாஸ்தா எண்பது ஒரு தரம் என்றதும், அம்மா தன் விலையின் மேலேயே ஏறினாள். "நூறு."

"எதிராளி இல்லம்மா. நீங்க கேட்டதுதான் கடைசி."

"இருக்கட்டும் சாமி. நூத்தி இருவத்தஞ்சு."

அங்கே நிறுத்தினாள். பாங்கிக் கணக்குக்கு ஏறக்குறைய அதேதான். நைனா தலையைக் குனிந்தபடி பணத்தை எண்ணிக் கொடுத்தார். அம்மா இடத்தை விட்டு எழாமல் சந்நிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். எனக்கு அவள் மேல் வந்த கோபத்தை இங்கே எழுதக்கூட முடியவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

பாவா நேற்றே போய்விட்டார், சாப்பிடாமல்.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அம்மா சந்தோஷமாக, "காரியதரிசி வூட்டம்மாவுக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் போடட்டா?" என்றாள். சொல்லிவிட்டேன். ரஞ்சிதம் அக்கா, குழந்தைகள், சம்பளப் பெட்டி, எல்லாம். முறத்தைப் பார்த்தபடியே சொன்னேன்.

அம்மா வெகு நேரம் கல் பொறுக்கினாள்.

"இத ஏண்டி முன்னாடியே சொல்லல?"

"சொன்னா போகாதேன்னுவ."

"ஆங், சொல்லியிருப்பேன்." பிறகு: "சொல்லியிருந்தா ஏலத்துல வாயத் தொறந்திருக்க மாட்டேன்."

"அப்ப சாமி?"

"சாமிக்கு நான் வேற வகையில குடுத்திருப்பேன். உன்ன படிக்க வச்சது அவன் புள்ளைங்களுக்கு பீத்துணி தொவைக்கவா?"

போகாதே என்று சொல்லவில்லை. நான் காத்திருந்தேன். சொல்லவேயில்லை. நைனாவைப் பொதட்டூர்பேட்டைக்கு அனுப்பினாள், மாப்பிள்ளையைச் சமாதானம் பண்ணிக் கூட்டிவர.

ஆகஸ்ட் 17, சனி

மழை. பாவா மூட்டையோடு வந்தார். ஆறு லுங்கி, கட்டம் போட்டது, புதுத் தறி வாசனை.

"கிருத்திகைக்கு வந்த மலாய்க்காரர் ஒருத்தர் என் இடுப்புல இருந்ததையே வெலை கேட்டாரு. அங்க அவ்ளோ துணிப் பஞ்சமாம். ஒண்ணு நாலு டாலர் தாராளமா போவும். பாங்கியில நூறு ரூவாய நீட்டினா அவன் குடுக்கற வெலைதான். இத நீட்டினா நீ சொல்றதுதான் வெலை."

குறைவது இருபது டாலர். ஆறு நாலு இருபத்துநாலு, கணக்கு தாண்டியே வருகிறது.

"எனக்கு விக்க வராது பாவா."

"அத்தே மட்டும் கூட வர வேணாம். தானே வெலை கேட்டு, தானே ஏத்தி, தானே வாங்கினு வந்துடுவாங்க."

அம்மா உள்ளே சிரித்தது கேட்டது. இன்று பாவா சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஆறு துணி சொந்த உபயோகம் என்றால் சுங்கத்தில் விடுவார்களா? ஏஜெண்டைக் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஏஜெண்டிடமிருந்து கார்டு. ஆறு வரை ஆட்சேபணை இல்லை. காரியதரிசிக்கு எழுதிவிட்டேன்: தங்கள் அன்புக்கு நன்றி, விடுதியில் இடம் பார்த்துக்கொண்டேன். ஒரே வரி. மூன்று காகிதம் கிழித்தேன். தபாலில் போட்டாகிவிட்டது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பெட்டி கட்டினோம். புடவை 4, ரவிக்கை, சர்டிபிகேட், ஊறுகாய் (எனக்கே). லுங்கியை அடுக்கும்போது அம்மா ஒன்றை எடுத்து விரித்தாள். "இது எவ்ளோம்மா?"

விளையாடுகிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"நாலு டாலருங்க."

"காது கேக்கல."

"நாலு டாலர்!"

"சாயம் போவும் போல கீதே. ரெண்டுக்குக் குடு."

"வராதுங்க."

"ரெண்டரை. பெரிய மனுசி கேக்கறேன்."

"நாலுங்க."

"அப்ப வேணாம் போ." லுங்கியை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து விடுவிடுவென்று தெருவாசல் வரை போய்விட்டாள். அங்கே நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை. தெருவில் ஒரு மாட்டுவண்டி போனது. அப்போதும் கூப்பிடவில்லை.

தானே திரும்பி வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நாலுக்கே குடு," என்றாள்.